தலை வாரிவிட்டோம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் இடது முட்டியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். முட்டியைப் பற்றி ஆரம்பித்தால் தாள் போதாது. மாமா டி.வி.யும் தானுமாக இருக்கிறார். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? உன் பெண்டாட்டி, நம் சடைக்காரி, எப்படி இருக்கிறாள்? கல்யாணத்தன்று அவளுக்கு முன்னால் அவள் சடை மண்டபத்துக்குள் வந்தது என்று நான் கேலி செய்ததை இன்னும் மனதில் வைத்திருக்கிறாளா?

ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். எனக்கு வேலை மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல் மேசையில் உட்கார்ந்து அந்தப் பக்கம் போங்க, இந்தப் பக்கம் போங்க என்று கை காட்டிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது தனி அறை. பழைய சாமான் அறைதான், பினாயில் வாசனை இன்னும் போகவில்லை. தொற்று பரவுகிறது என்று ஐ.சி.யூ.வுக்குள் சொந்தக்காரர் யாரையும் விடுவதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள். அந்த ஆளைச் சாயங்காலம் நான் ஃபோனில் கூப்பிட வேண்டும். டாக்டர் எழுதி வைத்துவிட்டுப் போவதை மனுஷப் பேச்சாக மாற்றிச் சொல்ல வேண்டும். நானும் உள்ளே போவதில்லை.

என் ஜன்னல் வழியாக கேட் தெரிகிறது. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வந்து நிற்கிறார்கள். சில சமயம் நான் யாருடன் பேசுகிறேனோ அவரையே ஜன்னலில் பார்க்கிறேன். அவர் நிமிர்ந்து மாடியைப் பார்க்கிறார், நான் தரைத்தளத்தில் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் ஃபோனைத் தொடவே பிடிக்கவில்லை. அதனால்தான் தாளும் பேனாவும்.

உன் அக்கா

ஜனவரி 27

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படிக்கும்போதே உன் குரல் கேட்டது, ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். முட்டிக்கு ஏதாவது தைலம் போடு, அல்லது மாமாவை எழுப்பி நடக்க விட்டு நீ உட்கார்.

உன் வேலையும் என் வேலையும் ஒன்றாகிவிட்டது போல. லிஃப்ட் பழுது பார்ப்பதில் பாதி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டவரோடு பேசுவதுதான். வந்த புதிதில், ரெண்டே நிமிஷத்துல திறந்துடறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிஷம் கதவை உதைக்க ஆரம்பித்துவிடுவார்கள். இப்போதெல்லாம், "காத்து வரும், கயிறு அறாது, நான் வெளியதான் நிக்கிறேன்" என்று மட்டும் சொல்வேன். மூன்றும் உண்மை. அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

அவள் சுகம். கொஞ்சம் அசதி என்கிறாள். வழக்கமாக அடியில் இரண்டு வரி எழுதுவாளே, இந்த முறை கை வேலையாக இருக்கிறது என்றாள். சடை கேலியை மறக்கவில்லையாம்.

தம்பி

பிப்ரவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

முட்டி அப்படியே. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். சடைக்காரியின் அசதி போனதா? இரும்புச்சத்து குறைந்திருக்கும், ரத்தம் பார்க்கச் சொல்.

உன் லிஃப்ட் வித்தை இங்கே பலிக்காது, தம்பி. காற்று வரும், கயிறு அறாது என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? இங்கே கயிறு அறுகிறது. நான் வேறு ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்.

ஒரு தையல்காரப் பெண். அவள் அம்மா மயக்கத்தில் இருக்கிறாள், சுவாசம் முழுக்க மெஷினில். நல்லதாகச் சொல்ல ஒன்றுமே இல்லாத ஒரு நாள், நர்ஸ் போகிற போக்கில் அந்த அம்மாவுக்குத் தலை வாரிவிட்டதாகச் சொன்னாள். நான் அதையே ஃபோனில் சொன்னேன். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். ரத்த அழுத்தம் இவ்வளவு, ஆக்சிஜன் அவ்வளவு என்று நான் நாளெல்லாம் ஒப்பித்ததற்கு அப்படி ஒரு சிரிப்பு வந்ததே இல்லை.

மறுநாள் நர்ஸுக்கு நேரமில்லை. நான் சொல்லிவிட்டேன். அதற்கு மறுநாளும். இப்போது எந்த வீடானாலும் கைவசம் இதுதான்: "இன்னிக்குத் தலை வாரிவிட்டோம். முகம் தெளிவா இருக்கு. நீங்க சாப்பிட்டுட்டுப் படுங்க." அந்தச் சாப்பிடுவது என் சொந்தச் சரக்கு. போன வாரம் ஒரு மொட்டைத் தலைப் பெரியவருக்கும் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். அப்பாவுக்கு முடியே இல்லையே என்றான் மகன். தலையைத் துடைத்துவிட்டதைத்தான் சொன்னேன் என்று சமாளித்தேன். சொல்ல நல்லது ஒன்றும் இல்லாத நாளில்தான் நான் சீப்பை எடுக்கிறேன் என்று இதுவரை யாருக்கும் பிடிபடவில்லை. இதைச் சடைக்காரிக்குப் படித்துக் காட்டு, சிரிப்பாள். அவள் படம் ஒன்று அனுப்பு, பார்த்து வெகுநாள் ஆயிற்று.

உன் அக்கா

மார்ச் 22

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதம், கோபிக்காதே. வேலை நெருக்கடி. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மொட்டைத் தலைக் கதையைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். இருமல் வரும் அளவுக்குச் சிரித்தாள். உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள்: "அண்ணி வார்டுல நான் வந்து படுத்தா என் சடையை யார் பின்னுவாங்க? ஆள் போட்டாதான் முடியும்." அப்படியே எழுது என்றாள், எழுதிவிட்டேன்.

படம் எடுக்க இன்னும் நேரம் வரவில்லை. எடுத்ததும் அனுப்புகிறேன்.

தம்பி

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இருவர் உடம்பும் நலம்தானே. எனக்கு முட்டி போய், இப்போது தூக்கம் பிடிக்காத வியாதி.

ஒரு நல்ல செய்தி. நான் ஃபோனில் பேசுவதை எங்கள் கண்காணிப்பாளர் ஒருநாள் கதவருகில் நின்று கேட்டிருக்கிறார். என் வாக்கியங்களை டைப் அடித்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பச் சொல்லிவிட்டார். இந்த ஆஸ்பத்திரிக்கு உன் ஊரிலும் ஒரு கிளை உண்டே, அங்கும் போயிருக்கும். பத்தாவதில் தமிழில் கோட்டை விட்டவள் எழுதியதை ஊர் ஊராகப் படிக்கிறார்கள், பார்த்தாயா.

தையல்காரப் பெண்ணின் அம்மா போய்விட்டாள். சாமான்களை வாங்கிக்கொள்ள அந்தப் பெண் கேட்டுக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றிருக்கிறாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, உங்க குரல்லதான் எங்கம்மா இருந்தாங்க என்றாள். போகும்போது சின்னதாக ஒன்று கேட்டாள். கொடுத்து அனுப்பினேன்.

வேறு விசேஷம் இல்லை. பதில் போடு.

உன் அக்கா

மே 12

தம்பிக்கு,

நான் எழுதி ஒரு மாதமாயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நலமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதையாவது எழுது. சடைக்காரிக்கு என் மேல் கோபமா? கேலி அளவுக்கு மீறிவிட்டதா?

வெள்ளிக்கிழமை யாரோ கூப்பிட்டார்கள். ஹலோ, ஹலோ என்று கத்தினேன். மூச்சு மட்டும் கேட்டது, வைத்துவிட்டார்கள். உன் நம்பர் மாதிரி இருந்தது. நீயா?

அக்கா

மே 19

அக்காவுக்கு,

நான்தான் கூப்பிட்டேன். நீ ஹலோ சொன்னதும் பேச முடியவில்லை. காரணம் எழுதுகிறேன். உடம்பை விசாரித்து எழுதும் நிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

சடைக்காரிக்குச் சடை இல்லை, அக்கா. ஜனவரியில் சொன்ன அசதி அசதி இல்லை, புற்று. மருந்து ஏற்ற ஏற்ற முடி கொத்துக் கொத்தாக வந்தது. மிச்சத்தை நானே வழித்துவிட்டேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள்தான் தடுத்தாள். "உங்க அக்கா என்கிட்ட ஆஸ்பத்திரிக் குரல்ல பேச ஆரம்பிச்சிடுவாங்க. என்னைச் சடைக்காரின்னு கூப்பிட ஒருத்தங்களாவது இருக்கட்டும்" என்றாள். மார்ச் கடிதத்தில் அந்தச் சடை பின்னும் கேள்வியை அவள் சொல்லி நான் எழுதியபோது அவள் தலையில் ஒரு துணித் தொப்பி இருந்தது.

இந்த மாத ஆரம்பத்தில் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கிவிட்டது. ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். உங்கள் கிளைதான். கேட்டோடு நான் நின்றுவிட்டேன்.

சாயங்காலம் ஒரு பெண் கூப்பிட்டாள். சின்ன வயசுக் குரல், நல்ல குரல். தாளைப் பார்த்துப் படிக்கிறாள் என்று தெரிந்தது. "இன்னிக்குத் தலை வாரிவிட்டோம் சார். முகம் தெளிவா இருக்கு. நீங்க சாப்பிட்டுட்டுப் படுங்க" என்றாள்.

அக்கா, ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே. யாரோ அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வாருவது கண்ணில் தெரிந்தது. அவளுக்கு முடி இல்லை என்பதும், நீ எந்த நாளில் சீப்பை எடுப்பாய் என்பதும் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. நானே வழித்துவிட்டு நானே மறந்தேனே, அதை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. சரிம்மா, நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை.

உன்னைக் கூப்பிட்டேன். நீ ஹலோ சொன்ன விதமும் அவள் பேசிய விதமும் ஒன்றாக இருந்தன.

தினமும் கூப்பிடுகிறார்கள். இனி அவர்கள் சொல்வதில் எதை நம்புவது, எதை விடுவது? இந்தத் தொழில் உனக்குத்தான் தெரியும். நீயே சொல்.

தம்பி

மே 23

தம்பி,

கூரியரில் அனுப்புகிறேன். ஃபோனை எடுத்தேன், என் வாய் பழக்கத்தில் நல்லதாக ஏதாவது சொல்லிவிடும் என்று பயந்து வைத்துவிட்டேன். எழுதினால் அப்படி வராது.

முதலில் காரியம். எப்படி இருக்கிறாள் என்று கேட்காதே. அதற்குத்தான் தாளில் பதில் இருக்கிறது. "இன்னிக்கு அவளைத் தொட்டது யார்? அவங்ககிட்ட ஃபோனைக் குடுங்க" என்று கேள். விதி இல்லை என்பார்கள். விதி இருக்கிறது, யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஃபோனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டில்வரை கொண்டுபோகலாம். டாக்டரிடம் நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று மட்டும் கேள். என் வாக்கியங்கள் எதையும் நம்பாதே.

அவளிடம் இரும்புச்சத்து பார்க்கச் சொன்னேன். மொட்டைத் தலைக் கதையைப் படித்துக் காட்டு என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இன்னொன்று. ஏப்ரலில் உனக்கு எழுதியபோது மென்று விழுங்கிவிட்டேன். தையல்காரப் பெண் என்னிடம் கேட்டது, அவள் அம்மாவுக்கு வாரிவிட்ட சீப்பு. அதில் அம்மாவின் முடி ஒன்றிரண்டு இருக்கும், வைத்துக்கொள்கிறேன் என்றாள். அப்படி ஒரு சீப்பே கிடையாது. முதல் நாள் வாரிய நர்ஸ் எதால் வாரினாள், அது எங்கே போயிற்று, யாருக்குத் தெரியும். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் என் கைப்பையைத் திறந்து என் சீப்பை எடுத்துக் கொடுத்தேன். என் முடியோடு. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று மாலையும் எல்லா வீட்டுக்கும் கூப்பிட்டுத் தலை வாரிவிட்டோம் என்றுதான் சொன்னேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வாக்கியத்தைத் தாளிலிருந்து எடுக்கச் சொல்லிக் கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றேன். நல்லாத்தானே வேலை செய்யுது, யாருக்கு என்ன நஷ்டம் என்றார். என் தம்பிக்கு என்றேன்.

நான் வரட்டுமா? கேட்டில் உன்னோடு நிற்கவாவது வரட்டுமா? வராதே என்றாலும் புரிந்துகொள்வேன்.

அக்கா

ஜூன் 6

அக்காவுக்கு,

இப்போது வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீ வந்தால் உனக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குத் தெம்பு இல்லை.

கேட்டில் நிற்கும்போது ஃபோன் வந்தது, நீ சொன்னபடியே கேட்டேன். அந்தப் பெண் திணறிப்போனாள். அப்புறம் ஒரு ஆண் நர்ஸிடம் ஃபோன் போயிற்று. கரகரத்த குரல், அவசரத்தில் இருந்தார். "தலையில முடி இல்லீங்க, யார் வாரினாங்கன்னு தெரியல. காதுக்குப் பின்னால மச்சம் இருக்கே, அவங்கதானே? பாதம் சில்லுன்னு இருந்துச்சு, காலுறை போட்டுவிட்டேன். மூச்சு நேத்தைவிட மோசம்தான்" என்றார். மச்சம் என்றதும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளைத்தான் பார்த்திருக்கிறார். மோசம் என்றார். ஆனாலும் அன்றுதான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

காதில் ஏதாவது சொல்லணுமா என்று கேட்டார். கேட்டில் என் பின்னால் ஆட்கள். வெட்கமாக இருந்தது. "நான் வெளியதான் நிக்கிறேன்னு சொல்லுங்க" என்றேன். சொல்லிவிட்டார் போல. தினமும் அதையே சொல்லச் சொல்கிறேன். நான்கு நாளாக மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. இது டாக்டர் சொன்னது, தாளில் இருப்பது இல்லை.

சீப்பு விஷயத்தை இரண்டு முறை படித்தேன்.

தம்பி

ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

மூச்சு மெஷினை எடுத்துவிட்டார்கள் என்று நீ அனுப்பிய இரண்டு வரித் தகவல் கிடைத்தது. அந்த நர்ஸுக்கு என் கும்பிடு. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

தையல்காரப் பெண்ணைத் தேடிப் போனேன். சொல்லிவிட்டால் என் பாரம் அவள் தலையில் ஏறும் என்று தெரியும். தெரிந்தேதான் போனேன், என் சுயநலம் அப்படி. கடையில் துணிகளுக்கு நடுவே எனக்கு ஸ்டூல் போட்டாள். நான் வாயைத் திறக்குமுன் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "சீப்பு விஷயமா வந்தீங்களா?" என்றாள்.

அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அவள் அம்மாவுக்கு ஒரு கறுப்பு முடி கிடையாதாம், முழு நரை. சீப்பில் இருந்ததோ நுனி கறுத்து வேர் வெளுத்த சாயம் போட்ட முடி. வீட்டுக்குப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை, உங்கள் கையிலிருந்து வாங்கும்போதே பார்த்துவிட்டேன் என்றாள். பிறகு ஏன் வாங்கிக்கொண்டாய், ஏன் கண்ணில் ஒற்றிக்கொண்டாய் என்றேன்.

"உங்க கை அப்படி நடுங்குச்சு. இது இல்லேன்னு நான் சொல்லியிருந்தா நீங்க அங்கயே விழுந்திருப்பீங்க."

அம்மாவைப் பறிகொடுத்து நின்றவள் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள், தம்பி. நான் அவளை ஏமாற்றிவிட்டேன் என்று இரண்டரை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது ஒன்று கேட்டாள். "முதல் நாள் சொன்னீங்களே, அதுவாவது நிஜமா?" நிஜம் என்றேன். அது நிஜம்தான். தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியாது. என்னிடம் இருந்த ஒரே உண்மை அது. அதையும் நம்பும்படி என்னால் சொல்ல முடியவில்லை.

சீப்பைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கழுவி வைத்திருந்தாள்.

உன் அக்கா

ஜூலை 20

அன்பு அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அதட்டல் மட்டும் பழைய பலத்தோடு இருக்கிறது. தலையில் பிரஷ் மாதிரி லேசாக முளைத்திருக்கிறது. மாமா சுகமா? உன் முட்டி?

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், சீப்பையும் சேர்த்து. முதல்முறையாக உன் கடிதத்துக்கு அவள் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அவளாகவே பேச்சை எடுத்தாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு இருந்தா. என்னைவிடச் சின்னவ. நீளமான முடி. சிக்கு விழுந்து கட்டிலுக்கு வெளியே தொங்கும். எனக்கு முழிப்பு வரும்போதெல்லாம் அதைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். யாராவது ஒதுக்கிவிட மாட்டாங்களான்னு இருக்கும். பாவம், அவங்களுக்கும் நிக்க நேரமில்ல. ஒருநாள் முழிச்சேன், கட்டில் காலியா இருந்துச்சு. அண்ணியைக் கேளுங்க. அவ வீட்டுக்கும் தினம் ஃபோன் பண்ணித் தலை வாரிவிட்டோம்னு சொல்லியிருப்பாங்களா?"

தெரியாது என்றேன். "அண்ணிக்குத் தெரியும், கேளுங்க" என்றாள்.

தம்பி

ஜூலை 29

உன்னை எப்படி அழைத்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பழைய பெயர் பேனாவில் வரவில்லை. அதனால் அழைக்காமலே எழுதுகிறேன். உனக்கென்று நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். இதுவரை உன்னைப் பற்றி அவனிடம் விசாரித்தேனே தவிர, உன்னிடம் எதையும் கேட்டதில்லை.

நடக்கிறாய் என்று கேட்டு மனம் நிறைந்தது. மெதுவாக நட. அவன் அவசரப்படுத்தினால் திட்டு.

இங்கே இப்போது ஃபோன் செய்வதற்கு முன் கவசம் மாட்டிக்கொண்டு நானும் உள்ளே போகிறேன். கண்காணிப்பாளரிடம் மன்றாடி வாங்கிய அனுமதி. கட்டிலுக்கு ஒரு சீப்பு வாங்கி வைத்திருக்கிறோம். யாராவது போய்விட்டால் அது அவர்கள் சாமான்களோடு வீட்டுக்குப் போய்விடும். எல்லாருக்கும் வாரிவிட முடிவதில்லை. முடியாத அன்று, "இன்னிக்கு வார முடியலைங்க" என்று சொல்கிறேன். நேற்று ஒருவர், முன்னெல்லாம் நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். மற்றக் கிளைகளில் பழைய தாள்தான் இன்னும் ஓடுகிறது. எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

நீ கேட்டதைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். இனித் தள்ள இடமில்லை.

ஆமாம். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் தினமும் சொல்லியிருப்பார்கள். கட்டில் காலியான அன்றைக்கு முந்தின சாயங்காலமும் சொல்லியிருப்பார்கள். நல்ல குரலில், முகம் தெளிவாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் படுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அவர்களும் அதை நம்பிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள்.

அண்ணி